திறக்காமல் அழித்த வீடியோ

சனிக்கிழமை காலை வடமதுரைக்குப் பக்கத்தில், என் மாமனார் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோது மணி பத்துகூட ஆகவில்லை. வெயில் அதற்குள் முதுகைச் சுட்டது. கூடத்தில் மச்சான் பழனிக்குமாரின் படத்துக்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்காமல் உள்ளே நடப்பது எப்படி என்று ஏழு மாதத்தில் நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

பழனிக்குமார் என் மனைவி பவித்ராவின் அண்ணன். வயதில் என்னைவிட இரண்டு வருடம் சின்னவர், முறையில் மூத்தவர். தோட்டத்தில் சம்பங்கி பயிர் போட்டிருந்தார். விடியற்காலையில் தானே வேன் ஓட்டிப் போய்த் திண்டுக்கல் மார்க்கெட்டில் பூ மூட்டைகளை இறக்குவார். ஏழு மாதத்துக்கு முன் ஒரு நாள், நாலுவழிச் சாலையில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரி மேல் வேன் மோதிவிட்டது. அவ்வளவுதான்.

மாமனார் முத்துச்சாமி ஒரு காகித மடிப்பை என்னிடம் நீட்டினார். உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு.

"ஃபோனு நொறுங்கிப் போச்சு மாப்ள. இது ஒண்ணுதேன் மிஞ்சுச்சு. அவன் பலகைல உக்காந்து எடுத்த வீடியோ இதுல இருக்கு. நாந்தேன் ஃபோனப் புடிச்சேன்."

"சரிங்க மாமா."

"உங்களுக்குத்தேன அனுப்புனான். நீங்கதேன் அப்பவே பாத்திருப்பீங்களே."

நான் தலையை ஆட்டினேன். பார்த்தேன் என்று.

அது பொய். அந்தப் பொய்யில்தான் எல்லாமே ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். ஆரம்பித்தது அதற்கும் முன்னால் என்றும் சொல்லலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகள் தமிழ்மதிக்கு ஒரு வயது முடியும்போது மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மணைப்பலகையில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால்தான் காது குத்துவார்கள். ஊர் அறிந்த உரிமை அது. அழைப்பிதழை நானே லேப்டாப்பில் அடித்தேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டெண்ட், சொந்தக்காரர்களின் பிறந்தநாள் வீடியோவெல்லாம் என் கைவண்ணம்தான். பூப்போட்ட ஓரம், தங்க எழுத்து எல்லாம் வைத்தேன். தாய்மாமன் பேரை மட்டும் போட மறந்துவிட்டேன்.

முந்நூறு பத்திரிகை போன பிறகுதான் தெரிந்தது. மாமனார் வீட்டில் கொதித்துப் போனார்கள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். "எழுத்துப் பிழைக்கு இம்புட்டு ஆட்டமா?" என்று நான் எகிறினேன். விசேஷமே நின்றுபோனது. அதற்கு மறுநாள் மச்சானிடமிருந்து என் ஃபோனுக்கு ஒரு வீடியோ வந்தது. திட்டி அனுப்பியிருப்பார் என்று நினைத்துத் திறக்காமலே அழித்தேன். பவித்ராவிடம் சொல்லவும் இல்லை. அதன்பிறகு மச்சானும் நானும் பேசிக்கொள்ளவே இல்லை.

இப்போது வரும் புதன்கிழமை, வடமதுரை மண்டபத்தில் அந்தக் காதுகுத்து. பிள்ளைக்கு மூன்று வயது. மாமன் இல்லை.

நத்தத்தில் ஒரு கல்யாணத்தில் பவித்ரா பார்த்துவிட்டு வந்திருந்தாள். செத்துப்போன அப்பா பெரிய திரையில் நடந்து வந்து மணப்பெண்ணை ஆசீர்வாதம் செய்தாராம், மண்டபமே அழுததாம். இப்போது எல்லா விசேஷத்திலும் இதுதான் வழக்கமாகிவிட்டது.

"எங்கண்ணன் மடியிலதேன் எம்புள்ள உக்காரணும். நெசத்துல முடியாது. திரையிலயாவது உக்காரட்டும்ங்க. உங்களுக்குத்தேன் செய்யத் தெரியுமே," என்றாள்.

எப்படி மறுப்பது? காரணம் கேட்டால் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். பேகம்பூரில் மாடி வீடு எங்களுடையது. திரையில் வெயில் விழுகிறது என்று அறையின் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். கூடத்தில் பவித்ரா துணி மடித்துக்கொண்டிருந்தாள், தமிழ்மதி விளையாடிக்கொண்டிருந்தாள்.

கார்டில் அந்தத் தேதியில் ஒரே ஒரு ஃபைல்தான். இருபத்திரண்டு விநாடி. எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போட்டேன். ஏற்கவில்லை. 'ஆதரிக்கப்படாத வடிவம்' என்று ஒரு பெட்டி வந்தது. ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வாலை மட்டும் மாற்றிப் பார்த்தேன். எல்லாரும் முதலில் செய்யும் மடத்தனம் அது. ரசச் சட்டியில் சாம்பார் என்று எழுதி ஒட்டினால் ரசம் சாம்பார் ஆகுமா? உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறையே வேறு. இலவச மாற்றி ஒன்றை இறக்கி, பழைய மாதிரி வடிவத்துக்கு மாற்றினேன். பாதியில் நின்றது. மறுபடி செய்தேன். மூன்றாவது தடவையில் படம் வந்தது. சத்தம் வரவில்லை.

பச்சைக் கோடுகள் ஓடி அடங்கின. மச்சான் தெரிந்தார்.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அவர் வீட்டுக் கூடத்தில் புதுப் பலகை போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் நீட்டினார். வாய் அசைந்தது. திட்டுகிற முகம் இல்லை அது. என்ன சொல்கிறார்? மாமனாரைக் கேட்கலாம் என்று ஃபோனை எடுத்தேன். பார்த்தேன் என்று தலையாட்டிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? கீழே வைத்துவிட்டேன்.

சத்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடர்ந்தேன். காலையில் தமிழ்மதியைப் பச்சைச் சேலை விரித்த முக்காலியில் உட்கார வைத்துப் படம் பிடித்திருந்தேன். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அம்மா கூப்பிட்டதும் எழுந்து ஓடுவாள். மென்பொருளில் பச்சையை மட்டும் நீக்கிவிட்டு, பிள்ளையை மச்சானின் மடியில் வைத்தேன். அளவு அப்படிப் பொருந்தியது. பதினெட்டாவது விநாடியில் எழுந்து ஓடினாள். எனக்கே கண் கலங்கியது.

எக்ஸ்போர்ட் கொடுத்தேன். முடிந்ததும், வெளியே வந்த புது ஃபைலை ஓட்டிப் பார்த்தேன்.

பதினெட்டாவது விநாடி போனது. பிள்ளை எழவில்லை.

நீளத்தைப் பார்த்தேன். முப்பத்தொரு விநாடி என்று காட்டியது. ஃபோனில் எடுத்த படங்களில் இது நடக்கும். விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு ஒரு சீராக இருக்காது, மாற்றும்போது இழுத்துக்கொள்ளும். வேகத்தை ஒரே சீராக்கி, இரண்டாம் தடவை எக்ஸ்போர்ட் கொடுத்தேன்.

நாற்பத்தெட்டு விநாடி. பிள்ளை எழவில்லை.

மென்பொருளுக்குள் ஓட்டினால் ஓடுகிறாள். வெளியே வந்த ஃபைலில் உட்கார்ந்தே இருக்கிறாள். அறைக்குள் எங்கிருந்தோ சம்பங்கி வாசம் வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. பவித்ரா தலைக்கு வைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் காலையிலிருந்து தலையே சீவவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு மஹ்ஜபீன் அக்கா மாடியில் காயும் துணியை எடுக்க வந்திருந்தார். கூடத்துக் கதவருகில் நின்று பவித்ராவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஊர்லருந்து யாரும் வந்திருக்காங்களா பவித்ரா?"

"இல்லக்கா. ஏன்?"

"ஆம்பளக் கொரலு கேட்டுச்சும்மா. உங்க வீட்டுக்காரர் கொரலு இல்ல. புள்ளயக் கொஞ்சுற மாதிரி."

என் லேப்டாப்பில் இன்னும் சத்தமே வந்திருக்கவில்லை.

இதற்கிடையில் மூன்றாம் தடவையும் கொடுத்திருந்த எக்ஸ்போர்ட் முடிந்திருந்தது. அதைத் திறக்க விரல் போகவில்லை. திறந்தேன்.

நீட்டியிருந்த கைகள் நீட்டியபடி இல்லை.

இரண்டு கைகளும் என் மகளின் இடுப்பைச் சுற்றிக் கோத்திருந்தன. அப்படி ஒரு காட்சி அந்தக் கார்டில் எங்கும் கிடையாது. அவர் கேமராவைப் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

என்னைப் பார்த்தார்.

"ஏங்க!" கூடத்திலிருந்து பவித்ரா கத்தினாள். "ஏங்க, இங்க வாங்களேன்! புள்ள எந்திரிக்க மாட்டேங்குறா!"

ஓடினேன். தமிழ்மதி கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பவித்ரா அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு கிலோப் பிள்ளை அசையவில்லை. மஹ்ஜபீன் அக்காவும் ஒரு கை கொடுத்தார். நான் இடுப்பைப் பிடித்தேன்.

பிடித்த கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். அவள் இடுப்பில் ஏற்கெனவே வேறு இரண்டு கைகள் இருந்தன.

கண்ணுக்குத் தெரியவில்லை. விரல்கள் என் உள்ளங்கையில் தட்டுப்பட்டன. பூப்பறித்துக் காய்த்துப்போன, சில்லென்ற விரல்கள்.

"மாமா விட மாட்டாரு," என்றாள் தமிழ்மதி. சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்தச் சண்டைக்குப் பிறகு, மாமா என்று அவளுக்கு யாரையும் நாங்கள் காட்டியதில்லை.

நான் அறைக்குள் பாய்ந்தேன். அந்த ஃபைலை அழிக்கப் போனேன். 'இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்' என்று பெட்டி வந்தது. மென்பொருளை மூடினேன். மறுபடியும் அதே பெட்டி. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பையே அணைத்தேன். கூடத்தில் பவித்ராவின் குரல் இன்னும் ஏறியது.

"மூச்சு வாங்குதுங்க இவளுக்கு! என்னமோ இறுக்குதுங்க!"

என் பிள்ளையின் முகம் சிவந்திருந்தது. சிரிப்பு போய்விட்டது. அந்த நொடியில், யாரும் சொல்லாமலே ஒன்று புரிந்தது. அவர் சொல்ல வந்ததை நான் இன்னும் கேட்கவில்லை. இரண்டு வருடமாக அந்த வாய் அசைந்துகொண்டே இருக்கிறது.

லேப்டாப்பைக் கூடத்துக்குத் தூக்கி வந்து தரையில் வைத்துத் திறந்தேன். லேப்டாப் மறுபடி ஓடத் தொடங்க ஒரு யுகம் ஆனது. மூல ஃபைலிலிருந்து சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தேன். முதல் வடிவத்தில் வெறும் இரைச்சல். இரண்டாவதில் காது கிழியும் கீச்சு. அவசரத்தில் தப்பான பட்டனை இரண்டு தடவை அழுத்தினேன். மூன்றாவது, சுருக்காத பழைய வடிவம். பச்சைக் கட்டம் மெதுவாக நிரம்பியது. பவித்ரா பிள்ளையின் முதுகைத் தடவியபடி, "அண்ணே, அண்ணே" என்று முனகிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாசம் தெரிந்துவிட்டது.

ஓட்டினேன். பழனிக்குமாரின் குரல் கூடத்தில் கேட்டது.

"மாப்ள, பத்திரிகைல பேரு இல்லாட்டி என்ன, பலகைல ஆளு இருக்கேன்ல? இந்தா பாருங்க, புதுப் பலகையே செஞ்சுட்டேன். சண்டைய விடுங்க. எம்மருமகளக் கொண்டாங்க. நான் கோவிச்சுக்கல மாப்ள. நீங்க வந்து, மச்சான் எந்திரிங்க, சாப்பிட வாங்கன்னு ஒரு வார்த்த கூப்புடுங்க. அதுவரைக்கும் நான் இந்தப் பலகைய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

கடைசியில் ஒரு சிரிப்பு. இருபத்திரண்டு விநாடி முடிந்தது.

தமிழ்மதி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எழுந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டையை விலக்கிப் பார்த்தோம். இடுப்பின் இரண்டு பக்கமும் விரல் பதிந்து சிவந்திருந்தது.

மஹ்ஜபீன் அக்கா வாய்க்குள் எதையோ ஓதியபடி கீழே இறங்கிப் போய்விட்டார். பவித்ரா என்னைப் பார்த்தாள்.

"இது எப்ப அனுப்புனது?"

சொன்னேன். திறக்காமல் அழித்ததையும், மாமனாரிடம் பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை.

"உசுரோட இருந்தவன் ஒரு வார்த்தைக்குத்தேன கெஞ்சிருக்கான்," என்றாள். பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டு, "திரையெல்லாம் வேணாம். அந்தப் பலகையக் கொண்டாரச் சொல்லுங்க," என்றாள்.

புதன்கிழமை காலை மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. பவித்ராவின் பெரியப்பா மகன் சோலைமுத்து மாமன் முறையில் உட்காரப் பட்டு வேட்டியோடு தயாராக நின்றார். நான் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு, பலகையைக் காலியாகப் போட்டேன். மேலே மச்சானின் வேட்டியையும் துண்டையும் மடித்து வைத்தார் மாமனார்.

"என்னப்பா இது, ஆளில்லாத பலகைல புள்ளய உக்கார வைக்கிறது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சிவந்த அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுபடி பிடித்துக்கொண்டால்? இத்தனை பேர் நடுவில் மூச்சு நின்றால்? பிள்ளையை நானே கொண்டுபோய் வைத்தேன்.

ஆசாரி ஊசியை எடுத்தார். வலது காது. இடது காது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய என் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"புள்ளய அசையாமப் புடிச்சுக்கிட்டாகளே," என்ற ஆசாரி, யார் பிடித்தது என்று நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ஊசியைத் துணியில் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பவித்ரா போய்க் கையை நீட்டினாள். "வாடா தங்கம்."

பிள்ளை எழவில்லை.

"அண்ணே, குடுண்ணே," என்றாள் பவித்ரா மெதுவாக.

மேளம் நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தமிழ்மதியின் வயிற்றில் சட்டைத் துணி உள்ளே அமுங்குவதை நான் பார்த்தேன். ஒவ்வொரு விரலாக அமுங்கியது.

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எந்த முந்நூறு வீட்டுக்கு அவர் பேர் இல்லாத பத்திரிகை போனதோ, அந்த முந்நூறு பேர். நான் பலகைக்கு முன்னால் மண்டியிட்டேன்.

"மச்சான்." மறுபடி சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "மச்சான், உங்க பேர விட்டது என் தப்பு. நீங்க அனுப்புனதப் பாக்காம அழிச்சதும் என் தப்பு. எம்புள்ளைக்கு நீங்கதேன் மாமன். எந்திரிங்க மச்சான். சாப்பிட வாங்க."

ஒன்றும் நடக்கவில்லை.

பலகை கிறீச்சென்றது.

தமிழ்மதி தானாக எழவில்லை. யாரோ தூக்குவது மாதிரி, உட்கார்ந்தபடியே மேலே வந்தாள். ஒரு சாண், ஒரு முழம். பவித்ராவின் நீட்டிய கைகளில் அவளை வைத்ததை மண்டபமே பார்த்தது. யாரும் கத்தவில்லை. மாமனார் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பலகையின் மேல், பிள்ளை உட்காராத ஓரத்தில் மடித்து வைத்திருந்த வேட்டியைத் தொட்டேன். சூடாக இருந்தது.

முதல் பந்திக்கு நானே போய் வரிசையின் முதல் இடத்தில் அவருக்கென்று ஒரு இலை போடச் சொன்னேன். வேறு யாரும் அதில் உட்கார்ந்துவிடாதபடி நானே பக்கத்தில் நின்றேன். சோறு, சாம்பார், இரண்டு வகைக் காய்கறி வெஞ்சனம், பாயசம் எல்லாம் பரிமாறினார்கள். கொஞ்ச நேரத்தில் பவித்ரா மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். தமிழ்மதி அவள் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். காதில் புதுத் தோடு, இடுப்பில் எந்தச் சிவப்பும் இல்லை. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். கூப்பிட்டாயிற்று, எழுந்தாயிற்று, சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

திரும்பி வந்தேன். பந்தி எழுந்திருந்தது. இலை எடுக்கிற அம்மா அந்த முதல் இலைக்கு முன்னால் குனிந்தபடி நின்றிருந்தார்.

"இதுல உக்காந்தவுக யாருங்க? போனதப் பாக்கலியே," என்றார்.

சாவு வீட்டில் சாப்பிட்டால் இலையை வெளிப்பக்கமாக மடிப்பார்கள், இந்த வீட்டில் இப்படி ஒரு காரியம் இனி வரக்கூடாது என்று. சுப விசேஷத்தில் தன் பக்கமாக மடிப்பார்கள், இந்த உறவு தொடர வேண்டும், மறுபடி வருவேன் என்று.

ஒரு பருக்கை மிச்சமில்லாத அந்த இலை, உட்கார்ந்தவர் பக்கமாக மடித்திருந்தது.